சைட்டேஷன், எச்-இன்டெக்ஸ், இம்பாக்ட் ஃபேக்டர்: ஆய்வுக்குப் புதிதாக வருகிறவர்கள் இவற்றை எப்படிக் கையாள்வது

முனைவர் பட்ட ஆய்வில் சேர்ந்த சில மாதங்களிலேயே மூன்று கேள்விகள் காதில் விழ ஆரம்பிக்கும். எத்தனை சைட்டேஷன், அதாவது உங்கள் கட்டுரையை எத்தனை பேர் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள்? எச்-இன்டெக்ஸ் எவ்வளவு? அந்த ஜர்னலுக்கு இம்பாக்ட் ஃபேக்டர் என்ன? நெறியாளர் கேட்பார், துறைத் தலைவர் கேட்பார், பிறகு வேலைக்கான நேர்காணலில் கேட்பார்கள். இந்த எண்கள் எங்கிருந்து வருகின்றன, எதுவரை நம்பலாம் என்று மட்டும் பெரும்பாலும் யாரும் உட்காரவைத்துச் சொல்லித் தருவதில்லை. அதை வரிசையாகச் சொல்லிப் பார்க்கிறேன். எண்களையே தூக்கிப் போடுங்கள் என்று சொல்ல வரவில்லை. ஒரு எண்ணை எழுதுவதற்கு முன், அது எந்தக் கேள்விக்கான விடை என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவ்வளவுதான் நான் கேட்பது.

1. எதை அளக்கிறீர்கள் என்று பிரித்துக்கொள்ளுங்கள்

அளக்கப்படுபவை நான்கு: ஒரு கட்டுரை, ஒரு ஆய்வாளர், ஒரு ஆய்விதழ், ஒரு நிறுவனம். ஒவ்வொன்றுக்கும் அளவுகோல் வேறு. ஒன்றின் எண்ணை எடுத்து இன்னொன்றின் மேல் ஒட்டும்போதுதான் பெரும்பாலான குழப்பங்கள் தொடங்குகின்றன. இது எவ்வளவு தூரம் போகும் என்று காட்டப் படிகவியலில் நடந்த ஒன்றைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

ஜெர்மனியின் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் இருந்த ஜார்ஜ் ஷெல்ட்ரிக், ஷெல்எக்ஸ் என்ற மென்பொருள் தொகுப்பை எழுதியவர். படிகத்தின் மேல் எக்ஸ்-கதிர் பாய்ச்சிக் கிடைக்கும் தரவிலிருந்து மூலக்கூறின் வடிவத்தைக் கணக்கிட்டுத் தரும் கருவி அது. உலகம் முழுக்க வேதியியல் ஆய்வகங்களில் அன்றாடம் பயன்படுகிறது. 2008 ஜனவரியில், 'ஆக்டா கிரிஸ்டலோகிராஃபிகா ஏ' என்ற இதழில் இந்த மென்பொருளின் வரலாற்றை ஷெல்ட்ரிக் ஒரு கட்டுரையாக எழுதினார். இந்த நிரல்களைப் பயன்படுத்துகிறவர்கள் பொதுவாக இந்தக் கட்டுரையையே மேற்கோள் காட்டலாம் என்று அதிலேயே ஒரு வரி இருந்தது. பயன்படுத்தியவர்கள் அப்படியே செய்தார்கள்.

விளைவு, 2008இல் 2.051 ஆக இருந்த அந்த இதழின் இம்பாக்ட் ஃபேக்டர் (முந்தைய இரண்டு ஆண்டுகளில் அதில் வந்த கட்டுரைகள் சராசரியாகப் பெற்ற மேற்கோள்) 2009இல் 49.926 ஆனது. நேச்சர், சயன்ஸ் இரண்டையும் தாண்டிவிட்டது. அந்த எண் வெளியானபோது ஷெல்ட்ரிக் கட்டுரைக்கு ஆறாயிரத்துக்கும் மேல் மேற்கோள். அதே 2008இல் அதே இதழில் வந்தவற்றில் இரண்டாம் இடத்தில் இருந்த கட்டுரைக்கு 28. அந்த ஆண்டுகளில் அங்கே எழுதிய மற்றவர்கள் எல்லாருடைய தன்விவரத்திலும் ஏறக்குறைய 50 என்ற எண் உட்கார்ந்துகொண்டது. அவர்கள் கட்டுரையில் எதுவும் மாறியிருக்கவில்லை. அப்புறம் கணக்குக்கான இரண்டு ஆண்டுகளிலிருந்து 2008 வெளியேறியதும், 2011க்கான எண் பழையபடி 2ஐ ஒட்டி வந்து நின்றது.

கதை இதழோடு முடியவில்லை. நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழகம் உலகப் பல்கலைக்கழகங்களுக்கு ஒரு தரவரிசை வெளியிடுகிறது. 2011-12 பட்டியலில், துறைவாரியாகச் சரிசெய்த மேற்கோள் சராசரியைக் கொண்டு பார்த்தால் கோட்டிங்கன் உலகில் 2ஆவது இடம். தன் துறையில் அதிகம் மேற்கோள் பெற்ற முதல் 10 சதவீதத்துக்குள் எத்தனை கட்டுரைகள் வருகின்றன என்று பார்த்தால் அதே பல்கலைக்கழகம் 238ஆவது இடம். இரண்டுக்கும் நடுவில் இருந்தது ஷெல்ட்ரிக்கின் அந்த ஒரு கட்டுரைதான். தரவரிசையைத் தயாரித்தவர்களே இதைக் கண்டுபிடித்து வெளிப்படையாக எழுதினார்கள். அந்த நேர்மை எனக்குப் பிடித்த விஷயம்.

ஷெல்ட்ரிக் செய்ததில் ஒரு பிழையும் இல்லை. கருவியைப் பயன்படுத்துகிறவர்கள் அதை உருவாக்கியவருக்கு நன்றி காட்டுவது முறைதான். சராசரி என்ற கணக்குதான் இங்கே ஏமாற்றியது. மேற்கோள்கள் எப்போதும் ஒரு சில கட்டுரைகளிடம் குவியும். பெரும்பாலானவற்றுக்குக் கொஞ்சமே கிடைக்கும். இப்படிப்பட்ட குவியலுக்குச் சராசரி எடுத்தால், அது அங்கிருக்கும் எந்தக் கட்டுரையைப் பற்றியும் சொல்லாது. ஆகவே யாராவது ஒரு எண்ணைச் சொன்னால், இது கட்டுரையின் எண்ணா, ஆளின் எண்ணா, இதழின் எண்ணா, நிறுவனத்தின் எண்ணா என்று முதலில் கேளுங்கள்.

2. உங்கள் பெயரைச் சரிசெய்யுங்கள்

கணக்கு எடுப்பதற்கு முன் செய்ய வேண்டிய வேலை இது. நம்மவர்களுக்கு இதில் கூடுதல் சிக்கல் இருக்கிறது, அதனால் அவசரப்படாமல் செய்யுங்கள்.

மேற்கோள் தரவுத்தளங்கள் எல்லாம் குடும்பப் பெயர், முதல் பெயர் என்ற வழக்கத்தை வைத்துக் கட்டப்பட்டவை. நமக்குத் தலைப்பெழுத்துதான். மு. கார்த்திகேயன் என்று ஒருவர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். முதல் கட்டுரையில் 'எம். கார்த்திகேயன்' என்று போட்டார். அடுத்த இதழின் படிவம் குடும்பப் பெயர் கட்டாயம் என்று நின்றதால் அப்பா பெயரை விரித்து 'கார்த்திகேயன் முருகேசன்' என்று நிரப்பினார். மூன்றாவதில் உடனெழுதியவர் சமர்ப்பித்தார். அவர் 'கார்த்திகேயன் எம்.' என்று கொடுத்தார். தரவுத்தளத்தில் இப்போது இவர் இரண்டு பேர், சில சமயம் மூன்று பேர். ஒருவர் 'கார்த்திகேயன், எம்.', இன்னொருவர் 'முருகேசன், கே.'. அந்த 'முருகேசன், கே.' என்ற பக்கத்தில் கடலூரிலோ கோலாலம்பூரிலோ வேறு துறையில் வேலைபார்க்கும் நிஜமான முருகேசன் ஒருவருடைய கட்டுரைகளும் கலந்து கிடக்கலாம். திருமணத்துக்குப் பிறகு தலைப்பெழுத்தை மாற்றிக்கொண்ட பெண்களுக்கு இந்தச் சிதறல் இன்னும் அதிகம்.

செய்ய வேண்டியது இதுதான். ஆய்வுக்குப் பெயர் எப்படி இருக்க வேண்டும் என்று முதல் கட்டுரைக்கு முன்பே ஒரு வடிவத்தை முடிவுசெய்து, எழுத்துக்கூட்டலோடு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு மாற்றாதீர்கள். ஆர்சிட் தளத்தில் இலவசமாகப் பதிவுசெய்து 16 இலக்க அடையாள எண் வாங்குங்கள். கட்டுரை அனுப்பும்போதெல்லாம் அந்த எண்ணைக் கொடுங்கள், உடனெழுதுபவர்களிடமும் கொடுத்து வையுங்கள். கூகுள் ஸ்காலரில் சுயவிவரப் பக்கம் தொடங்கினால், கட்டுரைகள் தானாகச் சேர்வதை நிறுத்தி, உங்கள் ஒப்புதல் கேட்டுச் சேர்க்கும்படி அமைப்பை மாற்றிவிடுங்கள். அடுத்தவர் கட்டுரை உங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அதை ஒரு தேர்வுக் குழு கண்டுபிடித்தால், தவறு கணினியுடையது என்று விளக்கிக்கொண்டிருக்க நேரம் கிடைக்காது. ஸ்கோப்பஸ் என்ற மேற்கோள் தரவுத்தளத்தில் உங்கள் பெயர் இரண்டாகப் பிரிந்திருந்தால் ஒன்றாக்கித் தரும்படி அவர்களிடமே விண்ணப்பிக்கலாம்.

3. எண்ணை இரண்டு இடங்களிலிருந்து எடுங்கள்

ஒரே கட்டுரைக்கு மூன்று தளங்களில் மூன்று எண் வரும். பயப்பட வேண்டாம், அது இயல்பு. வெப் ஆஃப் சயின்ஸும் ஸ்கோப்பஸும் தாங்கள் தேர்ந்தெடுத்த இதழ்களை மட்டும் எண்ணுகின்றன. இரண்டுக்கும் சந்தா வேண்டும். கூகுள் ஸ்காலர் இணையத்தில் கட்டுரை போலத் தெரிகிற எல்லாவற்றையும் எண்ணுகிறது: ஆய்வேடுகள், மாநாட்டுத் தாள்கள், இதழில் வருவதற்கு முன்பே இணையத்தில் போடும் முன்பதிப்புகள். அதனால் அங்கே எண் பொதுவாகப் பெரியதாக இருக்கும். 2022இல் தொடங்கிய ஓப்பன்அலெக்ஸில் இலவசமாகத் தேடலாம், தரவையும் இறக்கிக்கொள்ளலாம். பல்கலைக்கழக நூலகத்தில் சந்தா இல்லாதவர்கள் கூகுள் ஸ்காலர், ஓப்பன்அலெக்ஸ் இரண்டையும் வைத்தே நிறைய வேலை செய்துவிடலாம்.

கூகுள் ஸ்காலரின் தாராளம் ஆபத்தும்கூட. பிரான்ஸில் சிரில் லாபே என்ற கணினி அறிவியலாளர், 2010இல் ஐக் அன்ட்காரே என்று இல்லாத ஒரு ஆய்வாளரை உருவாக்கிக் காட்டினார். அர்த்தமில்லாத கட்டுரைகளை எழுதித் தள்ளும் ஒரு நிரலைக் கொண்டு நூற்றுச் சொச்சம் கட்டுரைகள் தயாரித்தார். அவை ஒன்றையொன்று மேற்கோள் காட்டும்படி செய்து இணையத்தில் வைத்தார். கூகுள் ஸ்காலர் அவற்றை எண்ணியது. அன்ட்காரேயின் எச்-இன்டெக்ஸ் 94 ஆனது, அதாவது அவருக்கு 94 கட்டுரைகள், ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 94 மேற்கோள். இந்த ஓட்டை எவ்வளவு பெரியது என்று காட்டத்தான் லாபே இதைச் செய்தார்; இன்று அதே ஓட்டை வழியாக மேற்கோளை விலைக்கு விற்பவர்களும் இருக்கிறார்கள்.

எண்ணைக் குறிக்கும்போது எந்தத் தளம், எந்தத் தேதி என்று பக்கத்திலேயே எழுதுங்கள். அது இல்லாத மேற்கோள் எண்ணை யாராலும் சரிபார்க்க முடியாது.

4. மேற்கோள் காட்டியவர்களைத் திறந்து படியுங்கள்

நேரம் எடுக்கும் படி இது. பெரும்பாலானவர்கள் தாண்டிப் போவதும் இதைத்தான். நான் அதிகம் வற்புறுத்துவதும் இதைத்தான்.

உங்கள் கட்டுரைக்கு 20 மேற்கோள் என்றால் அந்த இருபதையும் திறந்து பாருங்கள். நூற்றுக்கணக்கில் இருந்தால் இருபது, முப்பதை எழுமாறாக எடுங்கள். ஒவ்வொன்றிலும் உங்கள் பெயர் வரும் வரியைத் தேடிப் பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதுங்கள். முறையை எடுத்துப் பயன்படுத்தியிருக்கிறார்களா? முடிவைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்களா? மறுத்திருக்கிறார்களா? முன்னுரையில் ஒன்பது பேரோடு சேர்த்து அடைப்புக்குறிக்குள் போட்டுவிட்டுப் போய்விட்டார்களா? எழுதியது நீங்களோ உங்கள் உடனெழுத்தாளரோ என்றால் அதைச் சுயமேற்கோள் என்று தனியாகக் குறியுங்கள்.

மேற்கோள் என்பது பாராட்டு என்ற எண்ணம் இந்த வேலையைச் செய்த முதல் நாளே கரைந்துவிடும். ஆண்ட்ரூ வேக்ஃபீல்டும் உடனிருந்தவர்களும் 1998இல் லான்செட் இதழில் 12 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரை, எம்எம்ஆர் தடுப்பூசியை ஆட்டிசத்தோடு தொடர்புபடுத்தும் பேச்சைக் கிளப்பிவிட்டது. 2010இல் இதழ் அதைத் திரும்பப் பெற்றது. அந்தக் கட்டுரைக்கு ஆயிரத்துக்கு மேல் மேற்கோள்கள் உண்டு, அவற்றில் பெரும்பகுதி மறுப்பும் கண்டனமும்தான். எண்ணை மட்டும் பார்க்கிறவருக்கு அது ஒரு வெற்றிகரமான கட்டுரை.

மறுபக்கத்தையும் பாருங்கள். நேச்சர் இதழ் 2014இல், அதுவரை உலகில் அதிகம் மேற்கோள் காட்டப்பட்ட 100 கட்டுரைகளைப் பட்டியலிட்டது. முதல் இடம், ஒரு கரைசலில் எவ்வளவு புரதம் இருக்கிறது என்று அளக்கும் முறையைச் சொன்ன 1951ஆம் ஆண்டுக் கட்டுரைக்கு. லௌரி முறை என்று உயிர்வேதியியல் மாணவர்கள் எல்லாருக்கும் தெரியும். மூன்று லட்சத்துக்கும் மேல் மேற்கோள். டிஎன்ஏவின் இரட்டைச் சுருள் வடிவத்தைச் சொன்ன வாட்சன்–கிரிக் கட்டுரை அந்த நூறுக்குள்ளேயே இல்லை. ஒரு முறையைச் சொல்லும் கட்டுரை ஒவ்வொரு தடவையும் பயன்படுகிறது, அதனால் ஒவ்வொரு தடவையும் எண்ணப்படுகிறது. கண்டுபிடிப்பு பாடப்புத்தகத்துக்குள் போய்விடுகிறது. இரண்டும் பெரிய பங்களிப்பு; ஒரே எண்ணால் இரண்டையும் நிறுக்க முடியாது.

5. துறையையும் வயதையும் பாருங்கள்

கணிதக் கட்டுரையில் மேற்கோள் பட்டியல் சிறியது, படிப்பவர்களும் குறைவு, ஒரு முடிவு பயன்பாட்டுக்கு வரப் பல ஆண்டுகள் ஆகும். செல் உயிரியலில் பட்டியல் நீளம், வேகமும் அதிகம். ஒரு கணிதக்காரரின் 15 மேற்கோளும் ஒரு உயிரியல்காரரின் 60 மேற்கோளும் ஏறக்குறைய ஒரே நிலையாக இருக்கலாம். எனவே வெறும் எண்ணை விட்டுவிட்டு, அதே துறையில் அதே ஆண்டில் வந்தவற்றுக்குள் உங்கள் கட்டுரை எங்கே நிற்கிறது என்று பாருங்கள். ஸ்கோப்பஸில் இதற்குத் துறைவாரியாகச் சரிசெய்த ஓர் அளவு உண்டு. 1 என்றால் உலகச் சராசரி, 2 என்றால் இரு மடங்கு. இதுவும் சராசரிதான், ஷெல்ட்ரிக் கதை இங்கேயும் பொருந்தும். முதல் 10 சதவீதத்துக்குள் வருகிறதா என்ற கேள்வி இன்னும் பாதுகாப்பானது. வெளிவந்து இரண்டு ஆண்டுகூட ஆகாத கட்டுரைக்கு எந்த எண்ணையும் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கணிதத்தில் எண்கள் சிறியவை என்பதற்கு இன்னொரு விளைவும் உண்டு. சிறிய எண்ணை ஊதிப் பெரிதாக்குவது சுலபம். கிளாரிவேட் நிறுவனம் ஆண்டுதோறும் வெளியிடும், உலகில் அதிகம் மேற்கோள் பெறும் ஆய்வாளர்கள் பட்டியலிலிருந்து 2023இல் கணிதத்தையே எடுத்துவிட்டார்கள்.

கூட்டாக எழுதியவர்கள் எத்தனை பேர் என்பதையும் பாருங்கள். ஹிக்ஸ் துகளின் நிறையை அளந்து 2015இல் வந்த ஒரு இயற்பியல் கட்டுரைக்கு 5,154 ஆசிரியர்கள். அதன் ஒவ்வொரு மேற்கோளும் அவர்கள் ஒவ்வொருவர் கணக்கிலும் முழுசாக ஏறுகிறது. தனியாளாக ஒரு வட்டாரத்தின் கல்வெட்டுகளைப் படித்து எழுதிய ஒருவரை இவர்களோடு ஒரே பட்டியலில் நிறுத்துவதில் எந்த நியாயமும் இல்லை.

6. எச்-இன்டெக்ஸைக் கையால் ஒருமுறை போட்டுப் பாருங்கள்

கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தில் இருந்த இயற்பியலாளர் ஹோர்ஹே ஹிர்ஷ் 2005இல் முன்வைத்தது இது. கட்டுரைகளை மேற்கோள் எண்ணிக்கைப்படி இறங்குவரிசையில் அடுக்குங்கள். உதாரணமாக 48, 19, 12, 9, 6, 5, 3, 1, 0, 0. ஐந்தாவது கட்டுரைக்கு 6 மேற்கோள். ஐந்துக்குக் குறையவில்லை, சரி. ஆறாவதுக்கு 5; ஆறுக்குக் குறைந்துவிட்டது. எனவே எச்-இன்டெக்ஸ் 5.

இப்போது முதல் கட்டுரைக்கு 48க்குப் பதில் 4,800 மேற்கோள் கிடைத்தது என்று போடுங்கள். எச்-இன்டெக்ஸ் அதே 5. அடுத்து, அதைப் பழையபடி விட்டுவிட்டு ஆறாவது கட்டுரைக்கு ஒரே ஒரு மேற்கோளைக் கூட்டுங்கள். எச்-இன்டெக்ஸ் 6 ஆகிவிட்டது. துறையையே புரட்டிப்போட்ட கட்டுரை எண்ணை அசைக்கவில்லை. இடம் பார்த்து வைத்த ஒரு சுயமேற்கோள் அசைத்துவிட்டது. இந்த அளவின் பலமும் பலவீனமும் இந்தச் சின்னக் கணக்குக்குள் அடங்கியிருக்கின்றன. இன்னொன்று, எச்-இன்டெக்ஸ் இறங்கவே இறங்காது. ஓய்வுபெற்ற பிறகும் ஏறிக்கொண்டிருக்கும். எனவே 30 வயதுக்காரரையும் 55 வயதுக்காரரையும் இதை வைத்து ஒப்பிட முடியாது. பிள்ளைப்பேறுக்காக இடைவெளி விட்டவருக்கு அந்த இடைவெளி எங்கேயும் தெரியாது.

7. இம்பாக்ட் ஃபேக்டர் அசலா என்று பாருங்கள்

யூஜின் கார்ஃபீல்ட் 1955இல் சயன்ஸ் இதழில் மேற்கோள் குறியீடு என்ற யோசனையை எழுதினார். பின்னர் ஃபிலடெல்ஃபியாவில் அவர் நடத்திய நிறுவனத்திலிருந்து இந்த அளவு வந்தது. நூலகங்கள் எந்த இதழுக்குச் சந்தா கட்டலாம் என்று முடிவுசெய்யவும் உதவிய அளவு, பிற்பாடு ஆட்களை எடைபோடும் இடத்துக்கு நகர்ந்துவிட்டது. கணக்கு எளிது. 2024க்கான எண் வேண்டுமென்றால், 2022இலும் 2023இலும் அந்த இதழில் வந்தவை 2024இல் பெற்ற மேற்கோள்களைக் கூட்டி, அந்த இரண்டு ஆண்டுகளில் வந்த ஆய்வுக் கட்டுரைகள், மீள்பார்வைக் கட்டுரைகளின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். தலையங்கத்துக்கும் ஆசிரியருக்கான கடிதத்துக்கும் கிடைக்கும் மேற்கோள்கள் மேலே கூட்டலில் சேரும், ஆனால் அவை கீழே வகுக்கும் எண்ணிக்கையில் வராது. இதழ்கள் இதைத் தெரிந்துவைத்திருக்கின்றன. முன்பு மூன்று தசம இடங்கள் வரை கொடுத்தார்கள். 2023 முதல் ஒரு தசம இடம்தான். இல்லாத துல்லியத்தை இருப்பதுபோல் காட்டியதற்கு அது ஓரளவு திருத்தம்.

அசல் எண்ணை வெளியிடுவது கிளாரிவேட்டின் ஜர்னல் சைட்டேஷன் ரிப்போர்ட்ஸ் ஒன்றுதான். இதழின் முகப்பில் 'உலகளாவிய', 'அறிவியல்', 'பன்னாட்டு' என்று ஏதாவது அடைமொழி சேர்த்து ஓர் இம்பாக்ட் ஃபேக்டர் பளிச்சென்று இருந்தால் ஒதுங்கிக்கொள்ளுங்கள். அவை காசு கொடுத்தால் கிடைக்கும் எண்கள். ஏழு நாளில் வெளியிடுகிறோம், வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள் என்று சொல்லும் இதழும் அப்படியே.

இந்தியாவில் இந்தச் சுமை இப்போது ஆய்வாளர் தலையில்தான் வந்து நிற்கிறது. பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி 2018 மே மாதம் தன் ஒப்புதல் பட்டியலிலிருந்து 4,305 இதழ்களை நீக்கியது. பிறகு யுஜிசி-கேர் என்று புதுப் பட்டியல் கொண்டுவந்தது. 2025 பிப்ரவரியில் அதையும் நிறுத்திவிட்டது. இடையில் 2022 விதிமுறைகளில், ஆய்வேடு சமர்ப்பிக்கும் முன் கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்ற நிபந்தனையை எடுத்துவிட்டது. பல்கலைக்கழகங்கள் தங்கள் அளவில் வேறு நிபந்தனை வைத்திருக்கலாம், உங்கள் பல்கலைக்கழக விதியை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மூத்தவர்கள் வாய்மொழியாகச் சொல்வது பழைய விதியாக இருக்கலாம்.

அசல் பட்டியலில் இருப்பதும் நிரந்தரம் இல்லை. 2023 மார்ச்சில் வெப் ஆஃப் சயின்ஸ் 50க்கும் மேற்பட்ட இதழ்களை நீக்கியது. ஆண்டுக்கு ஆயிரக்கணக்கில் கட்டுரை வெளியிட்ட ஓர் இதழும் அதில் இருந்தது. கட்டுரை அனுப்பும் நாளன்று இதழின் நிலையைத் தரவுத்தளத்தின் தளத்திலேயே பார்த்து, ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

8. எண்ணில் விழாததைத் தேடி எடுங்கள்

மறுபடி படிகவியலுக்கே வருகிறேன். சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரன், சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் மூவரும் 1963இல் ஒரு சிறிய கட்டுரை வெளியிட்டார்கள். புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் மடங்க முடியும், எவற்றில் அணுக்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும் என்று கணக்கிட்டு ஒரு வரைபடமாகக் கொடுத்தார்கள். இன்று ஒரு புரதத்தின் வடிவத்தை உலகப் புரதத் தரவு வங்கியில் சேர்க்கப் போனால், அங்கே தயாராகும் சரிபார்ப்பு அறிக்கையில் ராமச்சந்திரன் வரைபடத்துக்கு வெளியே விழும் புள்ளிகள் எத்தனை என்ற வரி தவறாமல் இருக்கும். ஒவ்வொரு தடவையும் அந்த வேலை பயன்படுகிறது. மூலக் கட்டுரையை மேற்கோள் பட்டியலில் சேர்ப்பவர்கள் சிலர்தான். ஒரு கருத்து எல்லாருக்கும் பொதுவாகிவிட்டால் மூலத்தைச் சொல்வதையே விட்டுவிடுவார்கள் என்று சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் காட்டியிருக்கிறார். ஷெல்ட்ரிக் கட்டுரையில் மேற்கோள் காட்டச் சொல்லி ஒரு வரி இருந்தது. இங்கே அப்படி ஒரு வரி இல்லை. இரண்டு கட்டுரைகளின் மேற்கோள் எண்ணையும் ஒப்பிட்டு, எதன் தாக்கம் அதிகம் என்று சொல்ல ஒருவராலும் முடியாது.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இது அன்றாடப் பிரச்சினை. பெரிய தரவுத்தளங்கள் பெரும்பாலும் ஆங்கில இதழ்களைத்தான் பார்க்கின்றன. தமிழ் இலக்கியம், தொல்லியல், நாட்டார் வழக்காறு, உள்ளூர் வரலாறு ஆகியவற்றில் தமிழில் வரும் நூலை இன்னொரு தமிழ் நூல் மேற்கோள் காட்டினால் அது பெரும்பாலும் எந்தக் கணக்கிலும் ஏறாது. அந்தத் தாக்கத்தை நீங்கள்தான் திரட்ட வேண்டும். ஷோத்கங்கா தளத்தில் இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகள் இருக்கின்றன. உங்கள் நூலைப் பயன்படுத்திய ஆய்வேடுகளைத் தேடிப் பக்க எண்ணோடு குறித்துவையுங்கள். எந்தப் பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தில் சேர்ந்திருக்கிறது, எந்த அருங்காட்சியகக் குறிப்பில் வந்திருக்கிறது, எந்த அரசுக் குழு அறிக்கையில் பயன்பட்டிருக்கிறது என்பதையும் சேருங்கள். ஆய்வை எண்களால் மதிப்பிடுவது பற்றி 2015இல் வந்த லைடன் அறிக்கையின் பத்துக் கொள்கைகளில் ஒன்று, உள்ளூருக்குப் பொருந்தும் ஆய்வைக் காப்பாற்ற வேண்டும் என்பது. நேர்காணலில் யாராவது தமிழ் வெளியீட்டை மட்டமாகப் பேசினால் தயங்காமல் இதைச் சொல்லுங்கள். 2012 டிசம்பரில் சான் ஃபிரான்சிஸ்கோவில் பேசி உருவாக்கி 2013இல் வெளியிட்ட டோரா பிரகடனமும் உண்டு. இதழின் எண்ணைக் கொண்டு தனிக் கட்டுரையின் தரத்தை அளக்காதீர்கள் என்று அது நேரடியாகவே சொல்கிறது.

9. விண்ணப்பத்தில் எழுதும்போது

மொத்த மேற்கோள் இவ்வளவு, எச்-இன்டெக்ஸ் இவ்வளவு என்று ஒரு வரி கேட்டிருந்தால் கொடுத்துவிடுங்கள், தளமும் தேதியும் சேர்த்து. அதற்குக் கீழே உங்கள் இரண்டு அல்லது மூன்று கட்டுரைகளைப் பற்றி ஒரு பத்தி வீதம் எழுதுங்கள். நான்காம் படியில் எழுதிவைத்த குறிப்புகள் இங்கேதான் கைகொடுக்கும். நிலத்தடி நீரில் ஃபுளோரைடை அளக்கும் ஒருவர் இப்படி எழுதலாம்:

"இந்தக் கட்டுரைக்கு ஓப்பன்அலெக்ஸ்படி 14 மேற்கோள்கள், அவற்றில் 3 எங்களுடையவை. மீதி 11இல் 4 கட்டுரைகள் எங்கள் மாதிரி எடுக்கும் முறையை வேறு மாவட்டங்களில் பயன்படுத்தியுள்ளன. ஒன்று, கோடையில் எங்கள் அளவு குறைத்துக் காட்டுகிறது என்று சுட்டியுள்ளது. அதை அடுத்த கட்டுரையில் சரிசெய்தோம். மூல அளவீடுகள் பொதுத் தளத்தில் உள்ளன."

14 என்பது சிறிய எண்தான். ஆனாலும் இந்தப் பத்தியைப் படித்தவர் அந்த வேலை என்ன செய்தது என்று தெரிந்துகொள்கிறார். மறுத்தவரையும் சேர்த்துச் சொன்னதால் நம்பிக்கை கூடுகிறது.

10. நெருக்கடி வரும் இடங்கள்

மதிப்பாய்வாளர் ஒருவர், இந்த ஆறு கட்டுரைகளைச் சேர்த்தால் நன்றாக இருக்கும் என்று எழுதியிருப்பார். ஆறும் ஒரே நபருடையவையாக இருக்கும். ஒவ்வொன்றையும் படியுங்கள். பொருத்தமானது இருந்தால் சேருங்கள். மற்றவற்றுக்கு, இது எங்கள் கேள்வியோடு தொடர்பில்லாததால் சேர்க்கவில்லை என்று பதில் கடிதத்தில் மரியாதையாக எழுதி, இதழாசிரியருக்குத் தனியாக ஒரு வரி தெரிவியுங்கள். பெரும்பாலான நல்ல இதழாசிரியர்கள் இதைப் புரிந்துகொள்வார்கள். வற்புறுத்துவது இதழாசிரியரே என்றால், நெறியாளரோடு பேசி, வேறு இதழுக்குப் போய்விடுங்கள்.

ஆய்வகத்தில் வேலை செய்யாதவர் பெயரைக் கட்டுரையில் சேர்க்கச் சொல்வார்கள். காசுக்கு ஆசிரியர் இடம் விற்கும் செய்தி டெலிகிராமில் வரும். நீ என்னை மேற்கோள் காட்டு, நான் உன்னைக் காட்டுகிறேன் என்று நண்பர்களே கேட்பார்கள். முதலாமாண்டு மாணவரால் துறைத் தலைவரை எதிர்த்துப் பேச முடியாது, எனக்குத் தெரியும். அதனால் கட்டுரை தொடங்கும்போதே யார் என்ன வேலை செய்கிறார்கள் என்று மின்னஞ்சலில் எழுதி எல்லாருக்கும் அனுப்பிவிடுங்கள். பின்னால் பெயர்ப் பட்டியல் பற்றிப் பேச்சு வரும்போது அந்த மின்னஞ்சல் உங்களுக்காகப் பேசும். இதழ் பங்களிப்பு விவரம் கேட்டால் உண்மையை மட்டும் எழுதுங்கள்.

சமர்ப்பிக்கும் முன் கடைசியாக ஒரு வேலை. உங்கள் மேற்கோள் பட்டியலில் திரும்பப் பெறப்பட்ட கட்டுரை ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். ரிட்ராக்‌ஷன் வாட்ச் தரவுத்தளம் இலவசம். ஜோட்டெரோ என்ற மென்பொருளில் மேற்கோள்களைச் சேமிக்கிறவர் என்றால், அப்படிப்பட்ட கட்டுரை மேல் அதுவே சிவப்பு எச்சரிக்கை காட்டும். எச்சரிக்கை வந்த கட்டுரையை எடுத்துவிடுங்கள், அல்லது அது திரும்பப் பெறப்பட்டது என்று அதே வரியில் குறிப்பிட்டுவிட்டுப் பயன்படுத்துங்கள்.